'கூடாது' என்ற பக்கத்துக்கு முதல் பரிசு

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய்தான் வளர்கிறது. மூன்று மதத்து இளசுகளையும் ஒரே மண்டபத்தில் கூட்டி, மைக்கைக் கொடுத்து, விவாதம் பண்ணுங்கள் என்கிறார்களாம். பேசாமல் இருந்ததால்தானே தெருவில் இத்தனை வருஷம் சண்டை இல்லை என்பது தையல்காரரின் கட்சி.

"நீ அங்க போகக் கூடாது," என்றார் மகளிடம், மெஷினை நிறுத்தாமலே.

"மொதல்ல வாசல்ல நிக்கிற நர்ஸக்காவுக்குப் பதில் சொல்லுங்கப்பா. மாசக் கடைசிக்குள்ள ஹாஸ்டலைக் காலி பண்ணணுமாம். நம்ம மேல்மாடிய வாடகைக்குக் கேக்கறாங்க."

மேல்மாடி ஆறு மாதமாகக் காலி. ஆனால் பெயரைக் கேட்டதுமே வேறு மதம் என்று தெரிந்துவிட்டது.

"மேல ஒழுகுதும்மா."

"மழை பேஞ்சே நாலு மாசமாச்சு!" என்று மகள் சிரித்தாள். நர்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் விவாதத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாளாம்; இருவரும் சேர்ந்தே மண்டபத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். தடுக்கப் பின்னால் ஓடியவர் கடைசி வரிசையில் மாட்டிக்கொண்டார்.

தலைப்பு: வேற்று மதத்தாருக்கு வீடு கொடுக்கலாமா? சீட்டுக் குலுக்கியதில் நர்ஸுக்குக் 'கொடுக்கலாம்', மகளுக்குக் 'கூடாது'.

நர்ஸ் அன்பு, ஒற்றுமை என்று அழகாகத்தான் பேசினாள். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள்.

மகள் மைக்கைப் பிடித்தாள். "கூடாதுங்க! ஆனா அதை வாயத் தொறந்து சொல்லிடாதீங்க. நாம நாகரிகமானவங்க. பேரைக் கேளுங்க. நம்ம ஆளு இல்லையா? உடனே கூரை ஒழுகணும். வெயில் காலமா? மச்சினன் குடும்பத்தோட வர்றான். மச்சினனே இல்லையா? ஒருத்தனை வாடகைக்கு எடுங்க!"

மண்டபம் குலுங்கியது. மதத்துக்கு ஒருவராக உட்கார்ந்திருந்த மூன்று நடுவர்களும் (மூவருமே வீட்டுக்காரர்கள்) கண்ணில் நீர் வழியச் சிரித்தார்கள். தையல்காரரும் தொடையைத் தட்டிச் சிரித்துவிட்டு, அது யார் சொன்ன பொய் என்று உறைத்ததும் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்.

"மத்தவங்க பேசினது பேச்சு. இது அனுபவம்!" என்று மூத்த நடுவர் கோப்பையைக் கொடுத்தார்.

"தோத்தவங்களுக்குப் பரிசு இல்லையாய்யா?" என்றாள் மகள்.

"இல்லையேம்மா."

"அப்ப நான் தர்றேன். அக்கா, எங்க மேல்மாடி ஒழுகல. நாளைக்கே வந்துடுங்க. அப்பா கடைசி வரிசையிலதான் இருக்காரு."

அத்தனை தலையும் திரும்பியது. கைதட்டல் காதைப் பிளந்தது. நடுவர்கள்தான் ரொம்பப் பலமாகத் தட்டினார்கள். கொடுப்பது அவர்கள் வீடு இல்லையே.

நர்ஸ் இறங்கி வந்தாள். "ஒழுகினா ஒரு வாளி வெச்சுக்கறேன்ப்பா."

தையல்காரர் சுற்றிலும் பார்த்தார். இத்தனை பேர் முன்னால் முடியாது என்றால் மானம் போய்விடும்.

"வாளி மேலயே கெடக்கு," என்றார் கடுகடுவென்று.

மறுபடியும் கைதட்டல். "கை தட்டுறவன் எவனாவது அவன் வீட்டைக் குடுப்பானா? குடுத்தா அப்ப நம்புறேன்," என்று முணுமுணுத்தபடி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.