மறுபடி ஊற வேண்டிய நீர்

ஒரே வாரத்தில் மிலேவாவின் இடது மார்பு உள்சட்டைக்கு அடங்காமல் வீங்கிவிட்டது. குடைமிளகாய் சுட்டுத் தோலுரிக்கும் ஆலையில் நாள் முழுக்க நிற்கிறவளுக்கு வலி புதிதல்ல. இது வலிக்காமல் கனத்தது. அதுதான் பயமாக இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன் வியன்னாவில் வீடு துடைத்த காலத்தில் அழகுக்காக இரண்டு மார்பிலும் சிலிக்கான் பை வைத்துக்கொண்டவள் அவள்.

"எதிரெதிர் ஜன்னலத் தொறந்து வச்சு நடுவுல நிக்காதடின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். காத்து பூந்துருச்சு," என்றாள் பக்கத்தில் வேலை செய்யும் ஸ்லாவ்கா. முட்டைக்கோசு இலையைப் பிளம் சாராயத்தில் நனைத்து நாலு நாள் கட்டிவிட்டாள். வீக்கம் அசையவில்லை.

லெஸ்கோவாத்ஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் கோர்தானா ஸ்கேன் பார்த்தாள். "பையச் சுத்தி நீர் கோத்திருக்கு. வச்ச புதுசுல கோத்தா பரவால்ல. எட்டு வருஷம் கழிச்சுன்னா விடக் கூடாது. பை வழவழப்பா, சொரசொரப்பா?"

"உள்ள போனத நான் எங்க டாக்டரம்மா தடவிப் பாத்தேன்?"

வியன்னாவில் கொடுத்த அட்டையில் சொரசொரப்பு என்றிருந்தது. கோர்தானா சிரிக்கவில்லை. "இது சாதாரண மார்புப் புத்து மாதிரி இல்ல. பையச் சுத்தி ஒடம்பே ஒரு சவ்வு கட்டும். சொரசொரப்புப் பைன்னா ரொம்ப அபூர்வமா அதுல நிணநீர்ப் புத்து வரும். இருக்கா இல்லையான்னு இந்த நீர்தான் சொல்லணும்."

ஊசி போட்டு நீரை இழுத்துக் குப்பியில் அடைத்துக் கடிதத்தோடு மிலேவா கையிலேயே கொடுத்தார்கள். நீஷ் நகரத்து ஆய்வுக்கூடத்துக்கு அவரவர் சரக்கை அவரவர்தான் சுமக்க வேண்டும். ஸ்லாவ்கா துணைக்கு வந்தாள். ஆகஸ்ட் வெயில். குறுக்குக் காற்று பட்டால் நோய் வரும் என்று பஸ்ஸில் யாரும் ஒரு ஜன்னலையும் திறக்க விடவில்லை.

நீஷில் இறங்கியதும் குப்பி இருந்த கைப்பையை ஸ்லாவ்காவிடம் கொடுத்துவிட்டு மிலேவா கழிப்பறைக்குப் போய்வந்தாள்.

ஆய்வுக்கூடத்துப் பெண் குப்பியைத் திறந்து மூக்கைச் சுளித்தாள். "இது சோதனைக்கா, பந்திக்கா?"

ஸ்லாவ்காவின் முகம் வெளுத்தது. "இந்த வெக்கைல கெட்டுப் போயிரக் கூடாதேன்னு, இவ கழிப்பறைக்குப் போனப்ப, கையில கொண்டாந்த சாராயத்துல கொஞ்சம் ஊத்துனேன். எங்கப்பா பாம்பையே வருஷக்கணக்கா இதுலதான் போட்டு வச்சிருந்தாரு."

"பாம்பு செத்துதான கெடந்துச்சு? எங்களுக்கு உசுரோட இருக்கிற செல்லு வேணும். புதுசா எடுத்துட்டு வாங்க."

லெஸ்கோவாத்ஸ் திரும்பினால் எடுக்க நீர் இல்லை; முதல் முறையே வற்ற இழுத்திருந்தார்கள். ஸ்கேனில் மெல்லிய கோடுதான் தெரிந்தது, ஊசி நுழைய இடமில்லை. மறுபடி ஊறும் வரை காத்திருக்கச் சொன்னாள் கோர்தானா. காலையும் மாலையும் மிலேவா மார்பை அமுக்கிப் பார்த்தாள். வீங்கித் தொலையேன் என்று வேண்டிக்கொண்டாள். வீங்கினால் எமன், வீங்காவிட்டால் எமன் எங்கே என்றே தெரியாது.

"என்னைய நாலு அறை அறைஞ்சுரு," என்றாள் ஸ்லாவ்கா, மிளகாய்க் கூடையை இறக்கிக்கொண்டே.

"கையெல்லாம் மிளகாத் தோலு. போடி."

இருபத்து மூன்றாம் நாள் மார்பு மறுபடி கனத்தது. இந்த முறை குப்பியை மடியில் வைத்துத் தனியாகப் போனாள்.

நீரில் புற்று இருந்தது. உடம்பு முழுக்க எடுத்த படத்தில் வேறெங்கும் தெரியவில்லை.

"ரெண்டு பையையும் சவ்வோட முழுசா எடுக்கணும். ஒரு துண்டு கூட மிஞ்சக் கூடாது," என்றாள் கோர்தானா. "இந்த மாதிரி ஆரம்பத்துல புடிச்சா முக்காவாசிப் பேருக்கு அதோட தீந்துரும்."

"மிச்சப் பேருக்கு?"

"மருந்து இருக்கு. மொதல்ல எடுப்போம்."

மிலேவா கையெழுத்துப் போட்டாள். வெளியே பெஞ்சில் ஸ்லாவ்கா எழுந்து நின்றாள்.

"என்னடி சொன்னாங்க?"

"புத்துதான். அறுக்கணும்."

ஸ்லாவ்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அந்த மூணு வாரத்துல..."

"இல்ல," என்றாள் மிலேவா. அந்த 'இல்ல' நிஜமா என்று டாக்டரிடம் அவள் கேட்டிருக்கவில்லை. கேட்கவும் போவதில்லை. "எந்திரி. பஸ்ஸு போயிரும்."