ஒன்பதாவதாக எழுதிய விருப்பம்

அந்த மூன்று வாரத்தில் நாற்பத்தொரு பேருடைய பல்கலைக்கழக விண்ணப்பத்தை நான் நிரப்பிக் கொடுத்தேன். சண்டிலிப்பாய்ச் சந்தியில் இருக்கும் ஜெயகௌரி அக்காவின் கொமினிகேஷன் கடையில்தான் எனக்குப் பகல் வேலை. போட்டோக்கொப்பி, ரீலோட், கலியாணக் காட் என்று மெதுவாக ஓடும் கடை அது. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டால் மட்டும் வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது.

வருகிற எல்லோரும் ஒரே பிழையைத்தான் செய்வார்கள். கைநூலை விரித்து, போன வருட வெட்டுப்புள்ளியைத் தங்கள் புள்ளியோடு ஒப்பிட்டு, எந்தப் பாடநெறி நிச்சயம் கிடைக்குமோ அதை முதலாவது விருப்பமாகப் போடச் சொல்வார்கள். நான் நிறுத்துவேன். கொம்பியூட்டர் மேலிருந்துதான் பார்த்துக்கொண்டு வரும். முதலாவதற்குப் புள்ளி போதாவிட்டால் இரண்டாவதற்குப் போகும், அதுவும் போதாவிட்டால் மூன்றாவதற்கு. எட்டாத ஒன்றை மேலே போட்டதற்காகக் கீழே உள்ளது பறிபோகாது. ஆனால் கிடைக்கக்கூடியதை மேலே போட்டால் அதைத் தந்துவிட்டு அதோடு நின்றுவிடும்.

லக்ஷன் என்ற பெடியனையும் அவனுடைய அம்மாவையும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"பிள்ளை, உவனுக்கு எது கிடைக்குமெண்டு பார்த்து அதை முதல்லை போடும்."

"அன்ரி, விருப்பமானதை முதல்லை போடுங்கோ. கிடைக்காட்டி அது தானா அடுத்ததுக்குப் போகும். ஒண்டும் குறையாது."

"குறையாதோ?"

"குறையாது."

"அப்ப உவனைக் கேளும்."

லக்ஷன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "விவசாயம்" என்றான்.

"விவசாயமோ! தோட்டத்துக்குத் தண்ணி மாற வாடா எண்டால் காய்ச்சல் வாறவன், விவசாயம் படிக்கப் போறானாம்."

"அம்மா, காய்ச்சல் வராமல் தண்ணி மாறுறது எப்பிடியெண்டுதான் படிக்கப் போறன்."

வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். விவசாயத்தை முதலாவதாக அடித்தேன். மூன்று தரம் சரிபார்த்தேன். நான் எதையும் மூன்று தரம் சரிபார்ப்பேன்.

என்னுடைய விண்ணப்பம் மட்டும் அப்படியே கிடந்தது.

நானும் அந்த வருடம்தான் பரீட்சை எழுதியிருந்தேன், இரண்டாம் தரம். முதல் தரம் கணிதத்தில் சறுக்கியதால் எனக்கு என் புள்ளியில் நம்பிக்கையில்லை, என்னிலும் இல்லை. தடித்த அட்டைச் சீஆர் கொப்பியில் மூன்று ஒழுங்குகள் எழுதி வைத்திருந்தேன். மூன்றிலும் முதலாவது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிக விஞ்ஞானம். மூன்றிலும் ஒன்பதாவது, சப்ரகமுவவில் நில அளவை விஞ்ஞானம். அதற்குப் போன வருட வெட்டுப்புள்ளி என்னுடையதைவிடக் கொஞ்சம் மேலே நின்றது. அதை முதலாவதாகப் போட்டுக் கிடைக்காமல் போனால், எட்டாததற்கு ஆசைப்பட்டவள் என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். யார் அப்படிச் சொல்லப்போகிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். அதில் என் பெயரைத் தவிர வேறு பெயர் வரவில்லை. அப்படியிருந்தும் மாற்றவில்லை.

நில அளவை ஏன் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்குப் பதினாலு வயதாக இருந்தபோது காங்கேசன்துறைப் பக்கம் இராணுவம் பிடித்து வைத்திருந்த எங்கள் காணியைத் திருப்பித் தந்தார்கள். அதுவரைக்கும் நான் அந்தக் காணியைக் கண்டதே இல்லை. போய்ப் பார்த்தால் வேலியுமில்லை, வீடுமில்லை, ஒரே பற்றை. அப்பா கிணறு இந்தப் பக்கம் என்றார், பக்கத்துக் காணிக்காரர் அந்தப் பக்கம் என்றார். அளக்க ஒரு அக்கா வந்தார். தொப்பி, நீளக் கைச் சட்டை, முக்காலியில் ஒரு கருவி. கண்ணாடி பொருத்திய கோலொன்றை என்னிடம் தந்து, அசையாமல் பிடிக்கச் சொன்னார். பத்துப் பதினைந்து இடத்தில் பிடித்தேன். கடைசியில் ஒரு நாயுருவிப் பற்றையைக் காட்டி, "இதுக்குள்ளை வெட்டுங்கோ" என்றார். இரண்டு முழம் தோண்ட எல்லைக்கல் மண்வெட்டியில் முட்டியது. இரண்டு வீட்டாரும் கைதட்டினார்கள். முப்பது வருடம் யாரும் காணாத கல் எங்கே இருக்கிறது என்று ஒருவர் கணக்குப் போட்டுச் சொல்லலாம் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. இன்றைக்கும் அது குறையவில்லை.

கிழமையில் மூன்று நாள் வேலை முடிந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் போவேன். அங்கே பின்னேரச் சிங்கள வகுப்பு. அரச வேலை எடுக்கிறதென்றால் சிங்களம் உதவும் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். விண்ணப்பம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, பக்கத்தில் இருப்பவரின் கொப்பியை மாற்றித் திருத்தும்படி சேர் சொன்னார். என்னுடைய கொப்பி பிரியந்தினியிடம் போனது. அவள் குருநகர்ப் பெட்டை. அவளுடைய அப்பா கனிசியஸ் கொழும்புக்கு மீன் ஏற்றுகிறவர். அங்குள்ள முதலாளிமாரோடு போனில் கதைப்பது இவள் பொறுப்பு.

அவள் இரண்டு பக்கம் திருத்தினாள். பிறகு திருத்துவதை விட்டுவிட்டு வாசிக்கத் தொடங்கினாள்.

"எடி கஜானி, இதென்ன? 'விடுதித் திறப்புத் துலைஞ்சு போச்சு.' 'இந்த பஸ் பலாங்கொடைக்குப் போகுமோ?' 'நான் முதலாம் வருசம்.' 'குளிர் கூட, இன்னொரு போர்வை தாங்கோ.' யாழ்ப்பாணத்திலை ஆருக்கடி குளிர்?"

"சும்மா, பயிற்சிக்கு."

"எட்டு மாசமாச் சும்மாவோ? என்ரை கொப்பியிலை நண்டு இருக்கு, இறால் இருக்கு, ஐஸ் இருக்கு. ஏனெண்டால் அப்பா நண்டு விக்கிறார். உன்ரை கொப்பி முழுக்க விடுதியும் கன்ரீனும். நீ என்ன விக்கிறாய்?"

முன்வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் காது சுட்டது.

"பலாங்கொடையிலை என்ன இருக்கு?" என்றாள், இப்போது குரலைத் தாழ்த்தி.

"அதுக்கங்காலை பெலிகுல்ஓயா. அங்கைதான் சப்ரகமுவ கம்பஸ்."

"அதை எத்தினையாவதாப் போட்டனி?"

"இன்னும் போடேல்லை. ஒன்பதாவதாப் போடுவம் எண்டு."

"ஒன்பதாவதோ? அது பின்னேரம் சந்தையிலை மிஞ்சிக் கிடக்கிற மீனடி. அதுக்கு ஆரும் எட்டு மாசம் சிங்களம் படிப்பினமோ?"

நான் கொப்பியை வாங்கிப் பைக்குள் வைத்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். வாங்குவது விற்பது பற்றி ஒரு வசனம் இல்லை. அலுவலகம் பற்றி ஒன்று இல்லை. எல்லாம் ஒழுங்காகத் தலைப்புப் போட்டு, சிவப்பு மையால் கோடடித்து, ஒரே இடத்துக்குப் போக எழுதிய வசனங்கள். இவ்வளவு ஆயத்தத்தையும் நான்தான் செய்திருக்கிறேன். எனக்குத்தான் அது தெரியாமல் இருந்திருக்கிறது.

அடுத்த நாள் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன்.

"நில அளவையோ?" என்றார் அப்பா. "கல்லைக் கண்டுபிடிச்ச அந்தப் பிள்ளையின்ரை வேலையோ?"

"ஓம்."

அம்மா புட்டைப் போட்டபடி, "வெயிலுக்கை நிண்டு கருவாடாப் போவாய்" என்றார்.

"ஏன், நான் தோட்டத்துக்கை நிண்டு கருவாடாப் போனனானோ?" என்று அப்பா கேட்டார்.

"உங்களைப் பார்த்துத்தான் சொல்லுறன்."

அப்பா சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "கிடைக்குமோ?" என்றார்.

"கிடைக்காதெண்டுதான் நினைக்கிறன்."

"தூரமெண்டால் எனக்கும் யோசினைதான். ஆனால் நீ போக விருப்பமெண்டு சொல்லிப் போட்டுக் கிடைக்காதெண்டும் சொல்லுறாய். நான் எதுக்குப் பதில் சொல்லுறது? நாளைக்குக் கடைசி நாள் எண்டனி. யோசிச்சுப் போடு."

கடைசி நாள் மத்தியானம் வரைக்கும் மற்றவர்களின் வேலையைப் பார்த்தேன். இரண்டு மணிக்கு ஜெயகௌரி அக்கா என் தோளில் தட்டினார்.

"உன்ரை எங்கை?"

"பின்னேரம் செய்யிறன் அக்கா."

"எழும்பு."

என் கதிரையில் அவர் இருந்துகொண்டார். என்னை மேசைக்கு அந்தப் பக்கம், பிள்ளைகள் இருக்கும் ஸ்டூலில் இருத்தினார். இரண்டு விரலால் மட்டும் ரைப் பண்ணுகிறவர் அவர்.

"பேர்?"

"அக்கா, என்ன விளையாட்டு!"

"பேரைச் சொல்லும் பிள்ளை, பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

உண்மைதான். வரிசையில் மூன்று பேர். அதில் ஒருவர் லக்ஷனின் அம்மா. விண்ணப்பத்தின் பிரதியை மகன் எங்கேயோ போட்டுவிட்டான் என்று இன்னொன்று எடுக்க வந்திருந்தார்.

பெயர், சுட்டெண், விலாசம் எல்லாம் முடிந்தது. "முதலாவது விருப்பம்?" என்றார் அக்கா.

அந்த ஸ்டூல் உயரம் குறைந்தது. அதிலிருந்து பார்த்தால் திரை தெரியாது, கேட்கிறவரின் முகம்தான் தெரியும். இந்த இடத்தில் இருந்துதான் நாற்பத்தொரு பேரும் எனக்கு வாயால் சொன்னார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. சிலர் ஏன் நிலத்தைப் பார்த்துச் சொன்னார்கள் என்றும் விளங்கியது.

"யாழ்ப்பாணம்..." என்று தொடங்கினேன்.

"பிள்ளை," என்றார் லக்ஷனின் அம்மா பின்னாலிருந்து, "உது விருப்பமோ, கிடைக்கிறதோ?"

யாரும் சிரிக்கவில்லை.

"நில அளவை விஞ்ஞானம்" என்றேன். "சப்ரகமுவ."

"கேக்கேல்லை."

"நில அளவை விஞ்ஞானம், அக்கா!"

"கத்தாதை, எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்" என்றபடி அக்கா ரைப் பண்ணத் தொடங்கினார். நான் எழுந்து எட்டிப் பார்த்தேன். பாடநெறிக் குறியீட்டின் கடைசி எழுத்து பிழையாக இருந்தது. "அக்கா, அது வேறை பாடம்! எங்கையோ மிருக வைத்தியத்துக்கு அனுப்பப் போறியள்!" என்று அலறினேன். அதற்குப் பிறகு என் கதிரையை எனக்கே தந்துவிட்டார். மிச்சத்தை நானே அடித்தேன். யாழ்ப்பாணம் இரண்டாவதாகப் போனது. மூன்று தரம் சரிபார்த்தேன். நான்காம் தரம் தொடங்க, "அது ஓடிப் போகாது, அனுப்பு" என்றார் லக்ஷனின் அம்மா. அனுப்பினேன்.

பிறகு வந்த மாதங்களில் நான் மனத்தை இரண்டாவது விருப்பத்துக்கே ஆயத்தப்படுத்தி வைத்திருந்தேன். ஆனால் சிங்கள வகுப்பை நிறுத்தவில்லை. அதற்குக் காரணம் யாரும் கேட்கவில்லை, பிரியந்தினி கூட.

தெரிவுப் பட்டியல் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. கடை திறக்க முந்தியே பிள்ளைகள் நின்றார்கள். ஒவ்வொருவராகச் சுட்டெண்ணை அடித்துப் பார்த்தேன். லக்ஷனுக்கு முதலாவதே கிடைத்திருந்தது. அவனுடைய அம்மா, "ஐயோ, இனித் தோட்டத்துக்குத் தண்ணி மாற ஆரிட்டைப் போறது" என்று சொல்லிக்கொண்டு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். என்னுடையதைக் கடைசியாக அடித்தேன். திரையில் வந்ததை வாசித்தேன். சுட்டெண்ணைத் திரும்ப அடித்தேன். மூன்றாம் தரமும் அதே வரிதான் வந்தது. அந்த வருடம் எங்கள் மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் பெருத்த கெட்டிக்காரியாகிவிடவில்லை. கேட்ட இடத்தில் என் பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

அக்கா எதிர்க்கடையில் இருந்த ரோல்ஸ் முழுவதையும் வாங்கிக்கொண்டு வந்தார். அப்பாவுக்குப் போன் எடுத்தேன். தோட்டத்தில் நின்றவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அங்கை மழை கூடவோ?" என்று கேட்டார்.

"ஓமாம்."

"அப்ப சப்பாத்து வேணும்."

அன்றைக்கே போய் முழங்கால் வரைக்கும் வரும் றப்பர்ச் சப்பாத்து வாங்கி வந்தார், இரண்டு அளவு பெரிதாக. கால் வளரும் என்றாராம் கடைக்காரரிடம். எனக்கு வயது இருபத்தொன்று. மூத்த வருட அக்கா ஒருவர் போனில் சொன்னவற்றை எழுதி வைத்து ஒவ்வொன்றாகச் சேர்த்தேன்: மழைச்சட்டை, கம்பளிப் போர்வை, அட்டைக்கடிக்கு உப்புப் பொட்டலம், மூடியோடு ஒரு வாளி. அம்மா தூளுக்கென்று மூன்று கிலோ மிளகாய் வறுத்தார். இரண்டு வளவு தள்ளி இருந்தவர்கள் தும்மிக்கொண்டே வந்து, "கஜானி எப்ப போறா?" என்று கேட்டார்கள். பிரியந்தினி நெத்தலிக் கருவாடு பொரித்துப் போத்தலில் அடைத்துக் கொண்டு வந்தாள். "முதலாம் வருசம் எண்டதைச் சிங்களத்திலை சொல்லு பார்ப்பம்" என்றாள். சொன்னேன். "உச்சரிப்புப் பிழை, ஆனால் அனுமதி தரலாம்" என்றாள்.

காலை ரெயினில் அப்பாவும் நானும் புறப்பட்டோம். சூட்கேஸ் மேலே, நீல வாளி என் காலுக்கிடையில். வாளிக்குள் கோப்பை, சவர்க்காரம், மிளகாய்த்தூள். கொடிகாமத்தில் ஒரு பெட்டை ஏறினாள். பின்னால் அவளுடைய அம்மா. பெட்டையின் கையில் புத்தம்புதிய பச்சை வாளி, விலை ஒட்டியபடியே. எதிர் ஆசனத்தில் இருந்து என் வாளியைப் பார்த்தாள். நான் அவளுடையதைப் பார்த்தேன்.

"முதலாம் வருசமோ?" என்றாள்.

"ஓம். நீங்கள்?"

"நானும்தான். பேர் உதயகலா. எங்கை போறியள்?"

"பெலிகுல்ஓயா."

"ஐயோ, நானும் அங்கைதான்! சுற்றுலா முகாமைத்துவம். நீங்கள் என்ன..."

"நில அளவை" என்றேன், அவள் கேட்டு முடிக்க முந்தி. ஆறு ஆசனம் தள்ளி இருந்தவரும் திரும்பிப் பார்த்தார். அப்பா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

உதயகலா என் வாளி மூடியை மெதுவாகத் தட்டினாள். "தூள் எத்தினை கிலோ?"

"மூண்டு. உங்களுக்கு?"

"நாலு. அம்மாவுக்குச் சொன்னனான், அங்கையும் ஆக்கள் சமைக்கிறவை எண்டு."

"ஆர் கண்டது?" என்றார் அவளுடைய அம்மா.

ரெயின் கொடிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது இரண்டு வாளிகளையும் ஒன்றோடொன்று ஒட்டி வைத்தோம். அப்பா தும்மினார். பிறகு உதயகலாவின் அம்மா தும்மினார். ஏழு கிலோவும் எங்களோடு பெலிகுல்ஓயாவுக்கு வந்துகொண்டிருந்தது.