எதற்கென்று சொல்லாத அழைப்பு

மாசித் திங்களின் நண்பகல் ஞாயிறு, பேரையூருக்கு மேற்கே விரிந்து கிடக்கும் கரிசல் வெளியின்மீது இரக்கமின்றிக் காய்ந்துகொண்டிருந்தது. வெடித்த பருத்திக் காய்கள் வெண்மை காட்டி நிற்க, அவற்றிடையே குனிந்த முதுகுகள் நிரைநிரையாய் நகர, தொலைவில் மலைத்தொடர் நீலம் மங்கிப் புழுதிக்குள் மறைந்திருக்க, காற்றும் நடக்கச் சலித்ததுபோல் வேம்பின் கிளைகளில் அசைவற்றுக் கிடந்தது. கற்றறிந்த பெருமக்களே, அவ்வெளியின் ஓரத்தில் சுண்ணம் உதிர்ந்த சுவர்களோடு நின்ற அரசு நடுநிலைப் பள்ளியில் நடந்ததையே சொல்லப் புகுகின்றேன். பெரிய வியப்பு எதையும் எதிர்பாராதீர்கள். எனக்கும் அதற்குத் தெம்பில்லை.

எட்டாம் வகுப்பின் ஆசிரியை சத்யப்ரியா, மதுரைக் கே.கே. நகரில் விடியுமுன் எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, இரண்டு பேருந்து மாறிப் பத்தொன்பது ஆண்டுகளாக இப்பள்ளிக்கு வந்துபோகிறவர். பாடம் சொல்லித் தருவது அவர் பணியில் சிறுபகுதியாகச் சுருங்கிப்போய், வருகையை அலைபேசியில் ஏற்றுவதும், முன்பே அனுப்பிய விவரத்தை மறுபடியும் அனுப்புவதுமே பெரும்பகுதியாகிவிட்டிருந்தது. பெற்றோரை அவர் அழைப்பது உண்டு. ஆனால் குறை சொல்வதற்கன்றி ஒருநாளும் அழைத்ததில்லை. அழைக்கப்பட்டவர்களும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, வாயிலுக்கு அப்பாலே நின்று, “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுருங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுத் தத்தம் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். அவர்களை உட்காரச் சொன்னவரும் இல்லை, உட்கார்ந்தவரும் இல்லை. தம் மகன் பயிலும் தனியார் பள்ளியில் நாற்காலியில் அமர்ந்தே பேசிப் பழகிய சத்யப்ரியாவுக்கு இந்த வேறுபாடு ஒருநாளும் உறுத்தவில்லை என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

அவ்வகுப்பில் ரோகிணி என்றொரு சிறுமி இருந்தாள். தந்தை நல்லகாமன் திருப்பூரில் வேலை பார்க்க, தாய் அன்னக்கொடி பிறர் காட்டில் பருத்தி எடுத்துப் பிழைக்க, கணக்கென்றால் கண் விரியும் அப்பிள்ளை, மதுரைக்கருகே அரசு நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளிக்கான தேர்வில் தேறியிருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் பெற்றோரும் பிள்ளையும் கையொப்பமிட்டு அனுப்பாவிடில் அவ்விடம் வேறொருவருக்குப் போய்விடும். செய்தி புதனன்று பிற்பகல் வந்தது. சத்யப்ரியா உண்மையாகவே மகிழ்ந்தார். ஆயினும் அவ்வேளையில் கையில் அலைபேசியும் காதில் மேலிடத்தின் அதட்டலும் இருந்தமையால், தலை நிமிராமலே, நாக்குக்குப் பழகிப்போன அதே குரலில், “ரோகிணி, நாளைக்கு அம்மாவயாச்சும் அப்பாவயாச்சும் கூட்டிட்டுத்தான் உள்ள வரணும்” என்று சொல்லி முடித்துவிட்டார்.

மறுநாள் ரோகிணி வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று எண்ணிய ஆசிரியை, பதிவேட்டிலிருந்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்தார். அது நெடுநாளாகவே உயிரற்றிருந்தது.

வெள்ளியன்று நண்பகலில், தலைத்துண்டில் பஞ்சு ஒட்டியிருக்க, அன்னக்கொடி வந்து வாயிலுக்கு அப்பாலே நின்றாள்.

“டீச்சர், அவ என்ன தப்புப் பண்ணுனான்னு நான் கேக்க வரல. எம்புட்டு அடிச்சும் வாயத் தெறக்க மாட்டேங்குறா. டி.சி.யக் குடுத்துருங்க. எங்கூடக் காட்டுக்கே வரட்டும்.”

ஆசிரியைக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. “அடிச்சீங்களா? எதுக்கும்மா?”

“நீங்க ஆளக் கூட்டியாரச் சொல்லிவிட்டீகளாமே.”

சத்யப்ரியா எழுந்து வந்து, அவளைக் கைபிடித்து உள்ளே அழைத்து, தம் நாற்காலியிலேயே அமர்த்தி, தேர்வில் தேறிய செய்தியைச் சொன்னார். மகளை இனி அரசே தங்கவைத்து, உணவிட்டுப் படிக்கவைக்கும் என்பதையும், இன்று நான்கு மணியே எல்லை என்பதையும் சொன்னார். அன்னக்கொடி மகிழவில்லை. நெடுநேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப நான் எதுக்கு அவளப் போட்டு அடிச்சேன்?” என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் அழுதாள்.

“தப்பு என் மேலதாம்மா. எதுக்குன்னு சொல்லிவிட்டிருக்கணும்.”

“நீங்க என்ன பண்ணுவீக டீச்சர். பள்ளிக்கொடத்துல கூப்புட்டா வேற எதுக்குக் கூப்புடப் போறாகன்னு நான்தான் நெனச்சுட்டேன்.”

பெண்கள் இருவரும் படிவத்தை எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்தார்கள். கால்மணி நடையில், மகள் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்த பருத்திக்காடு வந்தது. ரோகிணி ஆசிரியையைக் கண்டதும் ஓடவுமில்லை, வணங்கவுமில்லை. மடியிலிருந்த பஞ்சை இறுகப் பற்றியபடி, இன்னும் ஓர் அடிக்குக் காத்திருப்பவளைப் போல நின்றாள். அவளது வலக்கையில் முழங்கைக்கு மேலே அடித்தடம் நீளமாகக் கன்றியிருந்தது. சத்யப்ரியா அவள் எதிரே மண்ணில் உட்கார்ந்து செய்தியைச் சொல்லி, தம் பிழையையும் சொல்லி, பிள்ளையிடம் பொறுத்தருளக் கேட்டார். அந்நிலத்தில் ஆசிரியர் ஒருவர் மாணவியிடம் அவ்வாறு கேட்டதை அக்காட்டில் குனிந்திருந்தவர் எவரும் அதுவரை கண்டதில்லை.

அன்னக்கொடி முதலில் கையொப்பமிட்டாள். பிறகு சிறுமி, கையை முழுவதும் நீட்ட இயலாமல், முழங்காலின்மீது படிவத்தை வைத்து, மெதுவாகத் தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்துத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, முகம் பாராமல் கேட்டாள்.

“டீச்சர், அந்தப் பள்ளிக்கொடத்துல எங்கம்மாவக் கூப்புட்டாகன்னா, எதுக்குன்னு சொல்லிக் கூப்புடச் சொல்றீகளா?”

“சொல்றேன்” என்றார் சத்யப்ரியா.

நான்கு மணிக்குமுன் படிவம் போய்ச் சேர்ந்தது, இடமும் உறுதியாயிற்று. நல்லதே நடந்தது என்று நீங்கள் ஆறுதல் கொள்ளலாம், பெருமக்களே. நானும் கொள்ளவே முயல்கின்றேன். ஆயினும் ஒரு சொல்லைக் கூடுதலாகச் சொல்ல ஒருத்திக்குப் பொழுதில்லை, ஒரு கேள்வியை வந்து கேட்க மற்றொருத்திக்குத் துணிவில்லை. களைத்திருந்தவர்கள் அவ்விருவர், அடி வாங்கியவள் பிள்ளை.