புகைக்குழாய் மேல் ஒரு டப்பா

கொல்லையில் பல வருடமாக மழையில் கிடந்த, சக்கரத்துக்குப் பதில் இரும்புப் பட்டையில் ஓடும் செயின் டிராக்டரைத் தங்கை வீட்டுக்காரர் கிளப்பப்போகிறாராம். அப்பா காலையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அதே டிராக்டரோடு நான் மல்லுக்கட்டிய நாட்களில் எட்டிக்கூடப் பார்க்காத மனிதர்.

மாப்பிள்ளை டீசல் டேங்கைக் கழுவி, புது பேட்டரி மாட்டினார். புகைக்குழாய் மேல் கவிழ்த்திருந்த டப்பாவை எடுக்க மறந்துவிட்டார். எனக்கும் சொல்ல மனம் வரவில்லை. கிளம்பாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. டப்பா பறந்து அப்பாவின் காலடியில் விழுந்தது.

"எந்த மடையன் இதை அங்க கவுத்து வச்சான்?"

"நான்தான்," என்றேன். ஒவ்வொரு மழைக்கும் முன்னால் ஏறிக் கவிழ்த்தவன் நான்தான்.

மாப்பிள்ளை இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். "திட்டாதீங்க மாமா. இது இல்லேன்னா உள்ள தண்ணி போய் இன்ஜின் என்னைக்கோ இறுகிப் போயிருக்கும். வண்டியக் காப்பாத்தினதே மச்சான்தான்."

அப்பா முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை நாளும் மாப்பிள்ளையை மனதுக்குள் திட்டியாவது ஆறிக்கொண்டிருந்தேன். எனக்காகப் பரிந்து பேசி அதையும் பிடுங்கிக்கொண்டார்.