லோவிசாள் கேட்ட அவகாசம்

தேவவரம் வீட்டில் விசுவாசம் விடியும் முன்பே எழுந்துவிடும். வீட்டில் உள்ளவர்கள் அதற்குப் பிறகுதான் எழுவார்கள். கோர்ட் ஏலத்தில் எடுத்த பித்தளைக் கைமணி ஒன்று அவரிடம் இருந்தது. அவர் அதை ஆட்டுகிற ஆட்டுக்கு வைகையின் அக்கரையில் இருப்பவர்கள்கூட மனந்திரும்பியிருக்க வேண்டும். ஏனோ திரும்பவில்லை. அக்கரையிலிருந்து வந்ததெல்லாம் நாய்களின் பதில் மட்டும்தான்.

அவர் மதுரை ஜில்லா கோர்ட்டில் குமாஸ்தா. சபையில் மூப்பர், ஓய்வுநாள் பள்ளிக்குத் தலைவர். தாத்தா காலத்திலேயே கிறிஸ்தவர்களான குடும்பம். அந்தத் தாத்தாவுக்கு அடுத்தபடியாகக் கர்த்தருக்கும் இதில் பங்கு உண்டு என்பதை அவர் பெரிய மனசோடு ஒப்புக்கொள்வார். வேதத்தில் ஒரு பாட்டியும் பேரனும் விசுவாசத்தில் பேர் போனவர்கள் என்று வருவதால், மூத்த மகளுக்கு அந்தப் பாட்டியின் பெயரான லோவிசாள் என்பதையும், மகனுக்கு அந்தப் பேரனின் பெயரான தீமோத்தேயு என்பதையும் வைத்தார். அக்காள் பாட்டியாகவும் தம்பி பேரனாகவும் ஆனது பற்றி அவர் யோசிக்கவில்லை. அவர் மனைவி சுகிர்தம் யோசித்தாள். ஆனால் அந்த வீட்டில் யோசிப்பது அவள் வேலை அல்ல.

காலை ஜெபத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. வசனம் சொல்லாதவருக்குக் காப்பி கிடையாது. எட்டு வயது தீமோத்தேயு வேதத்திலேயே ஆகச் சிறிய வசனத்தைக் கண்டுபிடித்து ஒரு மாதம் முழுக்க அதைச் சொல்லியே காப்பி குடித்தான். பிறகு தேவவரம் அந்த வசனத்தைத் தம் வீட்டில் தடை செய்தார். ஜெபத்தில் அவர் இங்கிலாந்து மன்னரிலிருந்து தொடங்குவார். வைசிராய், கலெக்டர், சீன தேசத்து மிஷனெரிமார், தம் மேலதிகாரியின் மூட்டுவலி என்று சுற்றி வந்து, கடைசியில் பிள்ளைகளின் குறைகளைப் பெயர் பெயராகக் கர்த்தருக்கு எடுத்துச் சொல்வார். தெரியாமல் இருந்துவிடக் கூடாதல்லவா? தீமோத்தேயு முழங்காலிட்டு, நாற்காலியில் நெற்றியை வைத்துத் தூங்கப் பழகியிருந்தான். பார்த்தவர்கள் அதைப் பக்தி என்று நினைத்தார்கள். சுகிர்தம் கண்ணை மூடிக்கொண்டே அடுப்பில் பால் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மூக்கால் கவனித்துக்கொண்டிருப்பாள்.

லோவிசாள் மட்டும் எதிலும் பிசகியதில்லை. பதினாறு வயது. அதிகம் பேசாத பெண். எந்த அதிகாரத்தைக் கேட்டாலும் தண்ணீர் ஓடுவதுபோல ஒப்பிப்பாள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தேவவரம் முறுக்கும் காப்பியும் கொடுத்த கையோடு மகளைக் கூப்பிட்டு ஒரு சங்கீதமும் கொடுப்பார்.

அது 1938ஆம் வருஷம். ஈஸ்டருக்கு முந்தின மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குடும்ப ஞாயிறாகக் கொண்டாடுவது என்று சபையில் முடிவானது. அன்றைக்கு வளர்ந்த பிள்ளைகள் எட்டுப் பேர் தங்கள் வாயால் விசுவாசத்தை அறிக்கை செய்து, முதல்முறையாக நற்கருணை எடுப்பார்கள். அதே ஆராதனையில் 'பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்ப்பது எப்படி' என்று தேவவரம் பேசுவார். தலைப்பைத் தேர்ந்தெடுத்தவரும், பேச்சாளரைச் சிபாரிசு செய்தவரும், அந்தச் சிபாரிசைத் தாழ்மையோடு ஏற்றுக்கொண்டவரும் அவரேதான்.

எட்டுப் பேருக்கும் ஞானோபதேசக் கேள்வி பதில்களைப் படிப்பித்தவரும் அவர்தான். சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வந்ததும் கோட்டைக் கழற்றிவிட்டுப் பிரம்பை எடுப்பார். தேவ அன்பைப் பற்றிய பாடத்துக்குத்தான் அதிக அடி விழுந்தது. அது கொஞ்சம் நீளமான பாடம்.

சனிக்கிழமை மத்தியானம் ஆலயத்தில் பரீட்சை. மூப்பர்களும் பெற்றோரும் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வந்த போதகர் ஞானசிகாமணி கேள்வி கேட்டார். மெலிந்த மனிதர், மெல்லிய குரல். அவருக்குக் குரல் போதாது என்பது தேவவரத்தின் கருத்து. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஒப்பித்தார்கள். ஒரு பையன் பத்துக் கட்டளைகளில் ஒன்பதைச் சொல்லிவிட்டு, களவு செய்யாமல் இருப்பதை மட்டும் விட்டுவிட்டான். அவன் அப்பா ரேஷன் இல்லாத அந்தக் காலத்திலேயே எடை குறைத்து அரிசி விற்றவர். இரண்டு மூப்பர்கள் இருமினார்கள்.

கடைசியாக லோவிசாள் வந்தாள். எல்லாக் கேள்விக்கும் பிசிறில்லாமல் பதில் சொன்னாள். தேவவரம் அவளுக்கு முன்னாலேயே உதட்டை அசைத்து, அவள் முடித்ததும் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். போதகர் புத்தகத்தை மூடினார்.

"நல்லது தாயி. நாளைக்குச் சபை முன்னால நான் ஒன்னே ஒன்னுதான் கேப்பேன். இதையெல்லாம் நீ முழு மனசோட நம்புறியான்னு. மத்தவகளைக் கேட்ட மாதிரி ஒன்னையும் இப்பவே கேட்டுப்புடுறேன். நம்புறியா?"

அதற்கான பதில் 'ஆம், விசுவாசிக்கிறேன்' என்பது. இரண்டே வார்த்தை. மற்ற ஏழு பேரும் கேள்வி முடியும் முன்பே சொல்லியிருந்தார்கள். லோவிசாள் சொல்லவில்லை. தாவணி நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"தெரியல ஐயா," என்றாள்.

"மறந்துட்டா," என்று தேவவரம் எழுந்தார். "ஆம், விசுவாசிக்கிறேன்னு சொல்லும்மா."

"மறக்கலப்பா. பதில் தெரியும். நம்புறேனான்னுதான் தெரியல. எங்கப்பா நம்புறாரு ஐயா, எங்கம்மா நம்புறாங்க. எனக்கு எல்லாம் மனப்பாடமா இருக்கு. அம்புட்டுத்தான். எனக்குக் கொஞ்சம் டயம் குடுங்க."

சுகிர்தத்துக்கு, அவளே எதிர்பாராதபடி, சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்துப் பெண் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

போதகர் கோபப்படவில்லை. "நான் கேட்டதைக் காதுல வாங்குனது நீ ஒருத்திதான் தாயி. டயம் எடுத்துக்க," என்றார். இதிலிருந்து அவருக்குக் குரல் மட்டுமல்ல, வேறு பலவும் போதாது என்று தேவவரத்துக்குத் தெளிவாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அவர் திட்டவில்லை. அவர் பக்திமான். எல்லாரையும் முழங்காலிடச் சொல்லி, கண்ணை மூடி, கர்த்தரிடம் சொல்வதுபோலத் திட்டினார். இந்தப் பெண்ணுக்குச் சோறு போட்டது, சட்டை வாங்கியது, குதிரை வண்டி வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது எல்லாவற்றையும் கர்த்தருக்கு ஞாபகப்படுத்தினார். "ஆமென்" சொன்ன பிறகுதான் மகளைப் பார்த்தார்.

"நாளைக்கு ஒரே ஒரு வார்த்தை. ஆம்னு சொல்லிரு. அதுக்கப்புறம் ஆற அமர நம்பிக்கலாம்."

"அது பொய்யில்லையாப்பா? பொய் சொன்னா நீங்கதான அடிப்பீக?"

"இது வேற!"

"எப்பிடி வேற?"

எப்படி வேறு என்பது ஞானோபதேசத்தில் இல்லாததால் அவர் மனைவி பக்கம் திரும்பினார். "பாத்தியா? எல்லாம் ஒன் வளர்ப்பு! நாளைக்கு எவன் இவளைப் பொண்ணு கேட்டு வருவான்? நீயே பேசி வழிக்குக் கொண்டா." லோவிசாள் சங்கீதம் ஒப்பித்த பதினாறு வருஷமும் அவள் அவருடைய வளர்ப்பாக இருந்தாள். இன்று மத்தியானம்தான் கை மாறியிருந்தாள்.

சாயங்காலம் தாயும் மகளும் கொல்லையில் பாத்திரம் துலக்கினார்கள். சுகிர்தம் சாம்பலைத் தொட்டு ஒரு குண்டானைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பேசி வழிக்குக் கொண்டுவருவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. மகள்தான் ஆரம்பித்தாள்.

"நீ எப்பிடிம்மா நம்புன?"

"நான் எங்கடி நம்புனேன்? சோத்துக்கு வந்தேன்."

சுகிர்தத்தின் ஊர் திருவாதவூர். அப்போது அவள் பெயர் சோணையம்மாள். கூலிக்கு நாற்று நட்ட வீட்டுப் பிள்ளை. பத்து வயதில் மதுரையில் ஒரு மிஷன் விடுதியில் கொண்டுவந்து விட்டார்கள். மகளுக்கு இதெல்லாம் அரைகுறையாகத் தெரியும். அப்பாவுக்கு விருந்தாளிகளிடம் சொல்லப் பிடிக்காத பகுதி இது.

"மொத நாள் தண்ணி எடுத்துட்டு வரச் சொன்னாக. நான் குடத்தை வச்சுக்கிட்டு கெணத்தை விட்டுத் தள்ளி நின்னேன். யாராச்சும் வந்து ஊத்துவாகன்னு. எங்கூருல அப்பிடித்தான நிப்போம்? எம்புட்டு நேரம் நின்னேனோ. சமையக்காரி ரெங்கம்மா வந்து, ஏண்டி மரம் மாதிரி நிக்கிற, கயிறு அங்கதான கெடக்கு, எடுத்து எறைன்னா. தொட்டா அடிப்பாகன்னு பயம். அவ என்னமோ சாதாரணமாச் சொல்லிட்டு உள்ள போயிட்டா."

"அதனால நம்புனியா?"

"இல்லடி. அன்னைக்குத் தண்ணி எறைச்சேன், அம்புட்டுத்தான். ஞானஸ்நானம் குடுக்கறப்ப நம்புறியான்னு கேட்டாக. இல்லைன்னா சோத்தை நிப்பாட்டிருவாகன்னு சத்தமா ஆமான்னேன். சுத்தப் பொய். நெசமா நம்புனது அப்புறம், எப்பவோ. உங்கப்பாட்ட சொல்லிராத."

லோவிசாள் துலக்குவதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தாள். "அப்ப நாளைக்கு நான் என்ன செய்ய?"

"நீ சோத்துக்குப் பயப்பட வேண்டியதில்லையே. பேசாம எம் பக்கத்துல உக்காரு."

கணவரிடம் போய், பேசிப் பார்த்ததாகவும் பெண் அசையவில்லை என்றும் சுகிர்தம் சொன்னாள். பாதி உண்மை. அந்த வீட்டில் அதற்குமேல் உண்மை தாங்காது.

மறுநாள் ஆலயம் நிறைந்திருந்தது. முந்தின நாள் நடந்ததைக் கேள்விப்பட்டு, வருஷக்கணக்கில் வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். லோவிசாள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தேவவரம் பேச எழுந்தார். எழுதி வைத்த பேச்சில் 'என் வீட்டையே பாருங்கள்' என்பது பதினோரு இடங்களில் வந்தது. அந்த இடங்களையெல்லாம் தாண்டித் தாண்டிப் படித்ததில் ஒரு மணி நேரப் பேச்சு கால் மணியில் முடிந்துவிட்டது. அவர் அதுவரை பேசியதிலேயே சபைக்கு மிகவும் பிடித்த பேச்சு அதுதான்.

பிறகு ஏழு பேரும் முன்னால் நின்றார்கள். போதகர் வரிசையாகக் கேட்டார். முதல் இருவரும் ஆம் என்றார்கள். மூன்றாவது பையன், கட்டளையை விட்டவன், தன் அப்பாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

"எனக்கும் டயம் வேணும் ஐயா," என்றான்.

அவன் அப்பா பெஞ்சிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றார். அடுத்த பெண் அழ ஆரம்பித்து, தானும் அடுத்த வருஷம் சொல்வதாகச் சொன்னாள். ஒருவன் ஆம் என்று சொல்லிவிட்டு, யோசித்து, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டான். கடைசியில் நற்கருணை எடுத்தவர்கள் நான்கு பேர். அந்த நான்கு பேரும் சும்மா எடுக்கவில்லை. போதகர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் காதில் வாங்கி எடுத்தார்கள். சுகிர்தம் தன் வாழ்நாளில் பிள்ளைகள் அப்பத்தை அப்படி வாங்கிப் பார்த்ததில்லை.

மூப்பர்கள் கொதித்துப்போனார்கள். தேவவரம் மட்டும் வீட்டுக்குத் திரும்பும்போது முந்தின நாளைவிடத் தெளிவாக இருந்தார். "சாத்தான் நம்ம சபை மொத்தத்தையும் தாக்கிட்டான் சுகிர்தம்," என்றார், ஏறக்குறைய சந்தோஷமாக. தம் வீட்டை மட்டும் தாக்கியிருந்தால்தான் அவமானம்.

அந்த வாரமே போதகர் வீட்டுக்கு வந்து லோவிசாளை ஓய்வுநாள் பள்ளியின் சின்னப் பிள்ளைகள் வகுப்புக்குக் கேட்டார்.

"நம்பாதவளா பாடம் சொல்லுவா?" என்றார் தேவவரம்.

"பாடம் வேண்டாம் மூப்பரே. முப்பது மூக்கு ஒழுகுது. தொடைச்சுவிட ஆள் இல்ல."

மூக்கைத் துடைக்க விசுவாசம் வேண்டும் என்று எங்கும் எழுதியில்லாததால் தேவவரம் விட்டுவிட்டார். லோவிசாள் போனாள். மூக்கைத் துடைத்தாள், சண்டை விலக்கினாள், தூங்கிப்போனவர்களைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விட்டாள். வீட்டு ஜெபத்திலும் உட்கார்ந்தாள். ஆனால் தோன்றாத நாளில் வசனம் சொல்லாமல் காப்பியை விட்டுக்கொடுத்தாள். சுகிர்தம் அடுப்படியில் அவளுக்குத் தனியாக ஒரு டம்ளர் எடுத்து வைத்தாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் மகள் நனைந்துகொண்டே வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள்.

"ஜெபத்துல தூங்கிட்டேன், சாமி கோவிச்சுக்குவாரான்னு ஒரு சின்னப் புள்ள கேட்டாம்மா. கோவிக்க மாட்டாரு, தூக்கம் வருதுன்னு அவருக்குத் தெரியும், நீ தூங்குன்னு சொன்னேன். சும்மா சமாதானத்துக்குத்தான் வாயத் தொறந்தேன். சொல்லி முடிச்சா, அது நெசம்னு இருக்கு. எனக்கே என்னமோ மாதிரி ஆயிருச்சு."

சுகிர்தம் மகளின் தலையைத் துவட்டிவிட்டாள். துவட்டி முடித்து, எடுத்து வைத்திருந்த டம்ளரை அவள் கையில் கொடுத்தாள்.

அடுத்த ஈஸ்டருக்கு முன் லோவிசாள் சபை முன்னால் ஆம் என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. பின் பெஞ்சில் கேட்கவில்லை என்று தேவவரம் குறைப்பட்டார். மற்றபடி அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தாம் காட்டிய பொறுமைக்குக் கிடைத்த பலன் என்று அவர் எல்லாரிடமும் சொன்னார். அது வெளியிலும் பரவியது. வாடிப்பட்டிச் சபையார் ஆள் அனுப்பி அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு, 'பிள்ளைகளை அவசரப்படுத்தாதீர்கள்'.

குடும்பத்தோடு பஸ்ஸில் போனார். ஒரு மணி நேரம் பேசினார். 'என் வீட்டையே பாருங்கள்' இந்தத் தடவை ஒன்றும் விடுபடவில்லை. தம் மகள் அவகாசம் கேட்டபோது தாமே எழுந்து அதைக் கொடுத்ததாகச் சொன்ன இடத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சுகிர்தத்துக்கு ஒன்று விளங்கியது. அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது என்று முழு மனசோடு நம்புகிறார். நம்புவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

திரும்பி வரும்போது தீமோத்தேயு அப்பா மடிப்பக்கம் நெருக்கி உட்கார்ந்தான். அவனுக்கு இப்போது ஒன்பது வயது. பேச்சு முழுவதையும் தூங்காமல் கேட்டிருந்தான்.

"அப்பா, நானும் பெரியவனானதும் மொதல்ல தெரியலன்னு சொல்லிட்டு, ஒரு வருசம் கழிச்சுத்தான ஆம்னு சொல்லணும்?"

தேவவரம் எழுதி வைத்த பேச்சை எடுத்து, அதில் இதற்குப் பதில் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தார். லோவிசாள் அவசரமாக வெளியே பார்த்தாள். சுகிர்தம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வழி நெடுக வயல்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.