மையொற்றியின் மூன்றாவது வரி

“அந்த மையொற்றியோட அடியில ஒரு பேப்பர் இருந்துச்சே, அது எங்க சார்?”

கண்ணாடிக்கடைக்காரரின் கையிலிருந்த திருப்புளி பாதி சுற்றில் நின்றது.

கல்லாவுக்கு எதிரே டீச்சர். இரண்டு வாரத்துக்கு முன்னால், இறந்துபோன தன் அப்பாவின் மேஜைச் சாமான்களை இவருக்கு விற்றவர். பித்தளை மைக்கூடு, கடிதம் பிரிக்கும் கத்தி, பேனாத் தட்டு, அப்புறம் அந்த மையொற்றி. தொட்டில் மாதிரி அடி வளைந்த மரக்கட்டை, மேலே பிடித்துக்கொள்ள ஒரு குமிழ், அடியில் மை உறிஞ்சும் தாள். எழுதிய ஈரத்தின் மேல் ஒரு ஆட்டு ஆட்டினால் எழுத்து காய்ந்துவிடும். காய்கிற எழுத்தில் கொஞ்சம் தாளில் இடம் வலம் மாறி ஒட்டிக்கொள்ளும்.

“வெறும் பேப்பர்தான் டீச்சர். அழுக்கா இருந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன்.”

தூக்கிப் போட்டது உண்மை. வெறும் பேப்பர் என்பது பொய்.

டீச்சர் கண் பரிசோதிக்கும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“அப்பா ஒண்ணாம் தேதி ஆனா புதுப் பேப்பர் மாட்டுவாரு. அந்த மாசம் மூணாம் தேதி போயிட்டாரு. நடுவுல எழுதினது ஒரே ஒரு லெட்டர். என் தம்பிக்கு. எழுதறதை நான் பாத்தேன், என்ன எழுதினாருன்னு பாக்கல.”

“அந்த லெட்டரே இருக்குமே?”

“மேஜை மேல இருந்ததை எல்லாம் மூட்டை கட்டிப் பழைய பேப்பர் கடையில போட்டது யாரு? நான்தான்.” டீச்சர் தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டார். “தம்பி கப்பல்ல இன்ஜினீயர். அவனுக்கும் அப்பாவுக்கும் ஆறு வருஷமாப் பேச்சில்ல. வீம்பை விட்டு, ‘வீட்டுக்கு வரட்டுமா’ன்னு அவனே முதல்ல எழுதினான். பதில் போகறதுக்குள்ள அப்பா போயிட்டாரு. ‘என்ன எழுதினாரு, சொல்லு’ன்னு என்னைக் குடையறான். இன்னைக்கு நாலு மணிக்குக் கிளம்பறான். போனா இனிமே இந்தப் பக்கமே வரமாட்டானாம்.”

எழுந்து வாசல்வரை போனவர் திரும்பினார். “உங்களைச் சொல்லிக் குத்தமில்ல சார்.”

அந்த ஒரு வார்த்தை போதும். சுருக்கென்று எங்கோ தைத்தது.

பழைய மேஜைச் சாமான் சேகரிப்பவர்கள் பலருக்கும் ஒரு பழக்கம் உண்டு. மையொற்றி கைக்கு வந்தால் குமிழைத் திருகி, பழைய தாளை உருவிவிட்டு, புதிதாக இளஞ்சிவப்புத் தாள் மாட்டுவார்கள். அலமாரியில் வைத்தால் பளிச்சென்று இருக்கவேண்டும், அவ்வளவுதான். கண்ணாடிக்கடைக்காரர் அதில் ஒரு படி மேலே. எறிவதற்கு முன்னால், வாடிக்கையாளர் முகம் பார்க்கும் கண்ணாடியில் தாளைக் காட்டிப் படிப்பார். படித்ததைப் படமெடுத்து, மேலே ஒரு நக்கல் வரி தட்டி, சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். ஊரார் கடிதம், இலவசச் சிரிப்பு.

அவர் போனைத் திறந்தார். குழுவில் அந்தப் படம் இருந்தது. நடுங்கும் கையெழுத்தில் மூன்று வரி.

‘கப்பலை விட்டு இறங்கினதும் நேரே வீட்டுக்கு வா.

சாவி பழைய இடத்தில்தான் இருக்கிறது.’

மூன்றாவது வரியின் மேல் கொட்டை மஞ்சள் எழுத்தில் அவருடைய கைவண்ணம்: ‘தாத்தாவுக்குக் கப்பல்ல வர்ற காதலியாம்! பாட்டி ஊர்ல இல்லையோ?’

கீழே பதினான்கு பேர் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். மூலப் படத்தின் மேலேயே எழுதிச் சேமித்துவிட்டார். தாளோ குப்பை வண்டியில் போய் இரண்டு வாரமாகிறது.

சாப்பாட்டு டப்பாவோடு வந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“என்னங்க, இன்னொரு மைக்கூடு கைநழுவிப் போச்சா? வீட்ல எழுத ஒரு பேனா கிடையாது, மைக்கூடு மட்டும் முப்பத்தொண்ணு.”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள்.

“இதுக்கு நானும்தான் சிரிச்சேன்,” என்றாள் மெதுவாக. “அப்ப யாருன்னு தெரியாது. இப்பத் தெரிஞ்சும் உக்காந்திருக்கீங்களே.”

“ஜோக்கை மட்டும் வெட்டிட்டு அனுப்பிடவா?”

“வெட்டுங்களேன்.”

வெட்டினார். கச்சிதமாக இரண்டு வரி நின்றது. வீட்டுக்கு வா என்கிறார், சாவி இருக்கிறது என்கிறார். ஒரு மகனுக்கு வேறென்ன வேண்டும்? இப்படி அனுப்பினால் புண்ணியமும் உண்டு, மானமும் மிஞ்சும். மூன்றாவதாக ஒரு வரி இருந்ததே யாருக்கும் தெரியப்போவதில்லை.

விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலேயே வெகுநேரம் நின்றது. அந்த மனிதர் மூன்று வரி எழுதினார். அதை இரண்டாக்க நான் யார்?

வெட்டியதை அழித்தார். முழுப் படத்தோடு கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்.

டீச்சர் வீட்டு வாசலில் டாக்சி நின்றது. பெட்டிகள் ஏறிவிட்டன. தம்பிக்கு நாற்பது வயதிருக்கும். கண்ணாடிக்கடைக்காரர் மென்று விழுங்காமல், முதலில் சொன்ன பொய்யில் ஆரம்பித்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனை நீட்டினார்.

தம்பி படித்தார். முதல் இரண்டு வரியை மறுபடி படித்தார். பிறகு மஞ்சள் எழுத்தையும் படித்தார். தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்த டீச்சர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“எங்கம்மா நான் பத்தாவது படிக்கறப்பவே போயிட்டாங்க,” என்றார் தம்பி. குரல் உயரவில்லை. “இதுக்கு அடியில என்ன இருந்துச்சு?”

“தெரியல தம்பி.”

“படிச்சீங்கல்ல?”

“படிச்சேன். மனசுல நிக்கல. ஜோக் எழுத எங்க இடம் இருக்குன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

டாக்சிக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

“கோபமில்லைன்னு எழுதியிருந்தாருன்னு சும்மா சொல்லியிருக்கலாமே. நான் நம்பியிருப்பேன்.”

“நம்பிடுவீங்கன்னுதான் சொல்லல.”

தம்பி போனைத் திருப்பிக் கொடுத்தார். “வெட்டாம அப்படியே அனுப்புங்க. அக்கா நம்பருக்கும் போடுங்க.”

அங்கேயே நின்று அனுப்பினார். தம்பி டாக்சியில் ஏறி, கண்ணாடியை இறக்கி, அக்காவிடம் மட்டும் சொன்னார்: “அடுத்த லீவுக்கு நேரா இங்கதான் வருவேன்க்கா. அப்பா இருந்த போர்ஷனை யாருக்கும் வாடகைக்கு விட்டுடாத.”

வண்டி தெருமுனை திரும்பியது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டார். கண்ணாடிக்கடைக்காரர் வெளிப்பக்கம் நின்றிருந்தார்.

“இந்த வெயில்ல வந்திருக்கீங்க. உள்ள வாங்க, தண்ணி குடிங்கன்னு சொல்லணும். சொல்ல வரல சார். தப்பா எடுத்துக்காதீங்க.”

“இல்ல டீச்சர்” என்றார் அவர்.

தப்பாக எடுத்துக்கொள்ள அவருக்கு என்ன இருக்கிறது? கடைக்கு நடந்தே திரும்பினார்.