இந்தப் பதில் உதவியதா?

சம்பாப் பயிர் தூர் கட்டும் சமயம். எலிகள் வரப்போரத்துக் குத்துகளை அடியோடு நறுக்கிப் போட்டிருந்தன. அன்று சாயங்காலமே வயலில் கிட்டி வைத்துவிடுவது என்று பகலவன் முடிவு செய்தார். கிட்டி என்பது மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்த எலிப்பொறி. போன வருஷத்துக் கிட்டிகள் ஐம்பதையும் ஒரே கட்டாகக் கட்டி மாட்டுக்கொட்டகைப் பரணில் போட்டு வைத்திருந்தார். அந்தக் கட்டை இறக்கும்போது வலது கை விரலிடுக்கில் சுருக்கென்றது.

"சிராய் ஏறிடுச்சு போலருக்கு" என்றார்.

மூங்கிலில் புழங்கும் கைக்குச் சிராய் புதிதல்ல. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு கட்டைத் தரையில் போட்டார். கட்டுக்குள்ளிருந்து கறுப்பாக ஒன்று நழுவி வைக்கோலை நோக்கிப் போனது. உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள்.

கொட்டகை வாசலில் நின்ற அவர் மகள் செம்மொழியின் கையில் போன் இருந்தது. அது எப்போதும் இருக்கும். கத்துவதற்கு முன்பே அவள் விரல் படத்தை எடுத்துவிட்டது. பாதிப் பாம்பு அதற்குள் வைக்கோலுக்குள் போயிருந்தது.

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்ன ஊரில் யாருக்கு எது தெரியவேண்டுமென்றாலும் செம்மொழியிடம்தான் வருவார்கள். பட்டா மாறுதல் எந்த நிலையில் நிற்கிறது, மேட்டூரில் எவ்வளவு தண்ணீர், பிள்ளைக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும், எல்லாவற்றையும் தேடிச் சொல்வாள். தஞ்சாவூரில் கணினி படித்தவள். கொஞ்ச நாளாகத் தேடுவதைக்கூட விட்டுவிட்டாள். புதிதாக வந்த ஒரு செயலி, கேட்ட கேள்விக்கு ஒரே பதிலாகச் சொல்லியது.

"பத்து பக்கத்தத் தெறந்து படிச்சு நாமளே முடிவு பண்றதெல்லாம் பழைய கதைம்மா. இதுவே படிச்சு முடிச்சுப் பதிலக் கையில குடுத்துடும்" என்று அம்மா அம்சத்திடம் சொல்லியிருந்தாள்.

அம்சத்துக்கு அது பிடிக்கவில்லை. "பத்து பேருகிட்ட கேட்டா பத்து விதமாச் சொல்லுவாங்கடி. அதக் கேக்கக் கேக்க நமக்கே ஒரு புத்தி வரும். ஒருத்தரே அடிச்சுச் சொன்னாத்தான் எனக்கு பயமா இருக்கு" என்றாள் அன்று.

இப்போது அந்தச் செயலியிடம்தான் செம்மொழி படத்தைக் காட்டினாள். மூச்சு இழுத்து விடுவதற்குள் பதில் வந்தது. 'வெள்ளிக்கோல் வரையன். விஷமற்றது. தொண்ணூற்றிரண்டு சதவீதம் உறுதி.' கீழே, இந்தப் பதில் உதவியதா என்று கேட்டது. உயர்த்திய கட்டைவிரலை அழுத்தினாள். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிய சந்தோஷத்தில் அழுத்தினாள்.

"விஷமில்லாத பாம்புப்பா. பயப்பட ஒண்ணுமில்ல."

"பாத்தியா?" பகலவன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "நீயா இருந்தா இந்நேரம் மந்திரிக்கிற ஆளத் தேடி ஓடியிருப்ப. எம்பொண்ணு ஒரு நிமிஷத்துல முடிச்சிட்டா."

"மந்திரிக்கவும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்துருவோங்க. பல்லுப் பட்ட மாதிரி இருக்கு."

"சிராய் குத்துனதுக்கு ஆஸ்பத்திரியா? ஊரு சிரிக்கும். வெளிச்சம் இருக்கும்போதே கிட்டியப் பதிக்கணும்."

விரலில் வீக்கமில்லை. இரத்தமில்லை. ஊசி முனையளவு ஒரு புள்ளி, அவ்வளவுதான். பகலவன் உட்கார்ந்து கிட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார். அம்சம் உள்ளே போய் ஒரு மஞ்சள் துணியில் ஒற்றைக் காசை முடிந்து, புன்னைநல்லூர் மாரியம்மனை நினைத்து மாடத்தில் வைத்தாள். கணவர் பார்த்தால் கேலி செய்வார் என்று முடிச்சின் மேல் தீப்பெட்டியை வைத்து மறைத்தாள்.

செம்மொழி அந்தத் தீப்பெட்டியைப் பார்த்தாள். மறுபடியும் போனை எடுத்தாள். அதே படத்தை, வைக்கோலை வெட்டிவிட்டு வால் பக்கத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டினாள்.

'கட்டுவிரியன். கடும் விஷமுள்ளது.'

அதே எழுத்து. அதே நிதானம். முதலில் சொன்னது தவறு என்ற ஒரு சொல் இல்லை. தடுமாற்றம் இல்லை. மனிதர் யாராவது இப்படி மாற்றிச் சொன்னால் குரலாவது நடுங்கும். இதற்கு நடுங்க என்ன இருக்கிறது? இதற்கு அப்பா இல்லை.

எதை நம்புவது? முதல் பதிலையா, இரண்டாவதையா? மூன்றாவது முறை கேட்டால் என்ன சொல்லுமோ என்று கேட்கவே பயமாக இருந்தது.

"அப்பா, எந்திரிங்கப்பா. போலாம்."

"என்னடா, இப்பதான ஒண்ணுமில்லன்ன?"

"இப்ப வேற சொல்லுது."

"அப்ப தொண்ணூத்திரெண்டு சதவீதம்?"

அவள் அவர் கையிலிருந்த கிட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். அந்த நேரத்தில்தான் ஹாஜா மைதீனின் லோடு வண்டி வந்து வாசலில் நின்றது. பாபநாசத்தில் மறுநாள் காலை நடக்கவிருந்த ஒரு கல்யாணத்துக்கு வாழையிலைக் கட்டுகள் ஏற்றிக்கொண்டு போகிற வழியில், தண்ணீர் குடிக்க நிறுத்தினார். பகலவனுக்குச் சின்ன வயதிலிருந்து சிநேகிதர். மாப்ள, மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

அம்சம் தண்ணீர்ச் செம்பை நீட்டும்போதே நடந்ததைச் சொல்லிவிட்டாள். அவர் செம்பை வாங்கவில்லை.

"மாப்ள, வண்டியில ஏறு."

"நீ வேற மச்சான். இலையெல்லாம் வாடிப்போயிரும், போ."

"போன் மொதல்ல சொன்னது சரியா இருந்தா நமக்கு ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு டீ. உன்ன கேலி பண்ணிக்கிட்டே குடிப்பேன். ரெண்டாவது சொன்னது சரியா இருந்தா?" அவர் சிரிக்கவில்லை. "என் தங்கச்சிக்கு நீ பதில் சொல்லிட்டு அப்புறம் கிட்டி வை."

"நூத்தியெட்டுக்கு அடிக்கவா மாமா?" என்றாள் செம்மொழி.

"அது வர்ற நேரத்துல நாம போயே சேந்துரலாம். இந்தக் கட்டயெல்லாம் தள்ளும்மா, அவன் காலு நீட்டி உக்காரணும்."

மூவருமாக வாழையிலைக் கட்டுகளை இறக்கி வாசலில் போட்டார்கள். பகலவன் முனகிக்கொண்டே ஏறினார். செம்மொழி பின்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்சம் முன்னால் ஏறினாள். அவள் முந்தானையில் மஞ்சள் முடிச்சு இருந்தது.

வாய்க்கால் கரைச் சாலையில் வண்டி குலுங்கியது. இருபுறமும் பச்சை. செம்மொழி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு கிலோமீட்டர் வரைக்கும் அவர் எலியைப் பற்றிப் பேசினார். பிறகு வயிறு வலிக்கிறது என்றார். பிறகு பேச்சு குறைந்தது.

"தூக்கம் வருதும்மா."

"தூங்காதீங்கப்பா."

"கண்ணு தொறக்க முடியல."

இமைகள் பாதியில் நின்றன. விரலால் தூக்கிவிடப் பார்த்தார். அது தூக்கமில்லை என்று செம்மொழிக்குத் தெரிந்துபோயிற்று. அவர் சொன்ன அடுத்த வார்த்தை குழறியது. எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தது. தாவணியால் துடைத்தாள். 'ஒண்ணுமில்லப்பா' என்று சொன்ன தன் வாயை அடைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. சொன்னது போன் இல்லை. போன் அவளிடம்தான் சொன்னது. அவரிடம் சொன்னது அவள்.

"மாமா, வேகமா" என்றாள். ஹாஜா மைதீன் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் உதடுகள் மட்டும் எதையோ ஓதிக்கொண்டிருந்தன. முன்னால் அம்சத்தின் உதடுகளும் அப்படித்தான்.

அரசு மருத்துவமனையில் மருத்துவர் படத்தை ஒரு தடவைதான் பார்த்தார். "கட்டுவிரியன். எத்தன மணிக்குக் கடிச்சுது?"

"நாலு பதினேழு" என்றாள். படத்திலேயே நேரம் பதிந்திருந்தது.

"நல்லவேள, நேரம் தெரியுது."

மருந்தை ஏற்றிக்கொண்டே ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். அங்கே பகலவனின் தொண்டைக்குள் குழாய் இறங்கியது. அவருக்காக ஓர் இயந்திரம் மூச்சு விட்டது. செம்மொழி கண்ணாடிக்கு வெளியே நின்று அந்த மார்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தாள். போனில் தேடினால் பிழைப்பவர்கள் எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும். போனை அம்மாவின் பையில் போட்டு, "நான் கேட்டாலும் குடுக்காதம்மா" என்றாள்.

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த ரஹ்மத் பீவி என்ற அம்மாள் யார் என்னவென்று கேட்காமல் இரண்டு பேருக்கும் இட்லி பிரித்து வைத்தார். "சாப்புடு புள்ள. நீ விழுந்துட்டா அவர யாரு பாக்குறது?" அந்த இட்லியை விழுங்கும்போதுதான் செம்மொழி முதன்முதலாக அழுதாள்.

மூன்றாம் நாள் காலையில் பகலவனின் வலதுகை விரல் அசைந்தது. மதியம் கண் திறந்தது. மறுநாள் குழாயை எடுத்தார்கள். கரகரத்த குரலில் முதலில் கேட்டது, "கிட்டி வச்சாச்சா?"

"ஹாஜா அண்ணன் வச்சுட்டாங்க" என்றாள் அம்சம். "அம்பதும் மறுநாள் சாயங்காலமே. கட்ட ஒரு கழியால தட்டிப் பாத்துட்டுத்தான் தொட்டாங்களாம்."

"கல்யாண இலை?"

"வீட்டுக்குக் காவலா நம்ம வாசல்லயே கெடந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே வேற இலை ஏத்திக்கிட்டு ஓடுனாங்க."

பகலவன் மகளைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை. "சொன்னது நான்தான்ப்பா" என்றாள்.

"நம்புனது நான்தான" என்றார். அதற்கு மேல் பேச அவருக்கு மூச்சு போதவில்லை. ஆனால் அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். விட மறுத்தார்.

ஒரு கையால்தான் அன்று செம்மொழி போனை வாங்கித் திறந்தாள். பழைய பதில் அப்படியே இருந்தது. கீழே அவள் உயர்த்திய கட்டைவிரல். உதவியது என்று அவள் சாட்சி சொல்லியிருந்தாள். இன்னொரு கொட்டகையில், இன்னொரு பெண் இதே போன்ற படத்தைக் காட்டினால், இந்தச் சாட்சியும் எங்கோ ஒரு மூலையில் சேர்ந்து அவளுக்குத் தைரியம் சொல்லுமோ?

கட்டைவிரலைத் திருப்பிவிட்டாள். ஏன் என்று கேட்டு ஒரு பெட்டி திறந்தது. அதை யாராவது படிப்பார்களா என்று தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

'இது கட்டுவிரியன். என் அப்பாவைக் கடித்தது. வீக்கம் இருக்காது, வலி இருக்காது, அதை நம்பி இருந்துவிடாதீர்கள். படத்தைக் காட்டிவிட்டுக் காத்திருக்காதீர்கள். யார் வண்டி வாசலில் நின்றாலும் ஏறிப் போங்கள்.'

அனுப்பினாள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று திரை சொன்னது. அவள் அதைப் படிக்கவில்லை. அப்பாவின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.